நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர்

இதில் யாருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. பெருந்தன்மை ஒன்றும் இல்லை, பயம்தான். என் பெயரை மட்டுமாவது எழுதலாம் என்றால், எந்தப் பெயரை எழுதுவது என்ற தகராறு வேறு இருக்கிறது. வீட்டிலும் சர்ச்சிலும் எனக்கு ஒரு பெயர், பள்ளிக்கூடச் சான்றிதழில் இன்னொரு பெயர். எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேருக்கு இப்படித்தான். தாத்தா காலத்தில் ஞானஸ்நானம் எடுத்தார்கள். அப்பாவைப் பள்ளியில் சேர்த்தபோது, வேதக்காரன், அதாவது கிறிஸ்தவன், என்று எழுதினால் உதவித்தொகை போய்விடும் என்று தலைமையாசிரியரே மனமிரங்கி 'இந்து' என்று எழுதி, பழைய சாதியையும் போட்டுவிட்டார். அப்பாவின் சான்றிதழைக் காட்டி எனக்கும் அதையே வாங்கியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை ஒரு பெயர், மற்ற நாளில் ஒரு பெயர். இருபத்திரண்டு வயதுவரை இதை ஒரு விஷயமாகவே நான் நினைத்ததில்லை.

இலஞ்சிக்கும் தென்காசிக்கும் நடுவில் எங்கள் வீடு. சாரல் காலத்தில் அப்பா குற்றாலத்தில் எண்ணெய் தேய்க்கப் போவார். மற்ற மாதங்களில் கட்டட வேலை. அம்மா பீடி சுற்றுவாள். சர்ச்சில் பெண்கள் சங்கத்தில் அவள் வைத்ததுதான் சட்டம். நான் டிகிரி முடித்துவிட்டு, போலீஸ் வேலைக்குத்தான் போவேன் என்று பிடிவாதமாக வீட்டில் உட்கார்ந்திருந்தேன். ஏன் போலீஸ் என்று கேட்டால் அப்போது என்னிடம் பெரிய காரணம் எதுவும் கிடையாது. எங்கள் ஊர்ப் பக்கம் பெரிய வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் காக்கிச் சட்டையில் வந்து இறங்குவார்கள். எங்கள் தெருவில் ஒருவர்கூட இல்லை. அந்த எரிச்சல்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஐயர் ஒரு அறிவிப்பை வாசித்தார். எங்கள் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். வெளியூர்க்காரர்களுக்கு அதுவே தலைசுற்றல். காவல்துறையில் சிறுபான்மை மக்கள் குறைவாக இருப்பதால், அவர்களைச் சேர்ப்பதற்காக அரசு செலவில் தென்காசியில் இலவசப் பயிற்சி வகுப்பு, புத்தகம், ஷூ, மதியச் சாப்பாடு எல்லாம் உண்டு, விருப்பமுள்ளவர்கள் சபையிலிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்றார். நான் எழுந்திருக்கும் முன்னால் பெண்கள் பக்கத்தில் அம்மாவின் கை உயர்ந்துவிட்டது. இன்னார் இந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்ற அங்கத்தினர் என்று முத்திரை குத்திய கடிதம் அன்று மாலையே என் கைக்கு வந்தது. அதைக் கொடுத்துத்தான் வகுப்பில் சேர்ந்தேன்.

வகுப்பில் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள், எங்களைப் போல் கொஞ்சம் பேர். சொல்லிக்கொடுத்தவர் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள். நாங்கள் மேடம் என்போம். இரண்டாம் நாள் உயரம் அளந்தார். சுவரில் ஒட்டிய டேப்புக்கு முதுகைக் கொடுத்து நின்றேன். தலையில் அட்டையை வைத்துப் பார்த்தவர், "நூத்தி அம்பத்தெட்டு. ஒண்ணு பத்தாதேம்மா. நூத்தி அம்பத்தொம்பது வேணும்லா" என்றார்.

"எஸ்.சி.க்கு நூத்தி அம்பத்தேழு போதும்னு போட்டிருக்காவளே மேடம்." அறிவிப்பை நான் நாலு தடவை படித்திருந்தேன்.

"அது அவங்களுக்கு. நீ கிறிஸ்டியன்தானே?"

"சர்டிபிகேட்ல இந்து எஸ்.சி.ன்னு இருக்கு மேடம்."

மேடம் அட்டையைத் தலையிலிருந்து எடுத்தார். "அப்ப இந்த கிளாஸ்ல எப்படிச் சேந்தே?"

"ஐயர் லெட்டர் குடுத்தாவ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. இந்து என்றால் என் உயரம் போதும், ஆனால் இந்த வகுப்பில் எனக்கு இடம் இல்லை. கிறிஸ்தவள் என்றால் வகுப்பில் உட்காரலாம், ஆனால் சட்டப்படி நான் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவேன், அங்கே ஒரு சென்டிமீட்டர் குறைகிறது. போலீஸ் ஆவதற்காக அரசாங்கம் எனக்குச் செலவழிக்கிறது. அந்தச் செலவை வாங்குவதற்காக நான் கொடுத்த கடிதமே என்னைப் போலீஸ் ஆகவிடாமல் செய்யும். யாரோ ஒரு புண்ணியவான் நல்ல மனதோடு உட்கார்ந்து எனக்கென்றே கட்டிய கண்ணி மாதிரி இருந்தது.

"நீ ஓடு. மத்ததைப் பொறவு பாக்கலாம்" என்றார் மேடம். பக்கத்தில் நின்ற கடையநல்லூர்ப் பிள்ளை நூற்று அறுபத்திரண்டு. என் காதில் வந்து, "ஏட்டி, ஒங்க கர்த்தர்ட்ட ஒரு சென்டிமீட்டர் கேளேன். எங்க வீட்ல எல்லாரும் ஒட்டடைக் கம்புதான், நான் வேணும்னா தாரேன்" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் அப்பா மேல் கோபப்பட்டேன். அவர்தான் பக்கத்தில் இருந்தார். "நாம யாருப்பா? ஒண்ணு அங்கன இருக்கணும், இல்ல இங்கன இருக்கணும்."

அவர் அருவிக்கரையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார். உடம்பெல்லாம் எண்ணெய் வாசம். "ஞாயித்துக்கிழம ஒண்ணு, மத்த ஆறு நாளு ஒண்ணு. இதுல ஒனக்கு என்ன கொழப்பம்? சர்ச்சுக்குப் போறதால நம்மள மேலத்தெருக்காரன் வீட்டுக்குள்ள விட்டுட்டானா? அந்தச் சாதி ஒட்டிக்கிட்டுதான கெடக்கு? அப்ப அதுக்கான சர்டிபிகேட்டும் இருந்துட்டுப் போட்டும்."

சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அடுத்த நிமிடமே அம்மா பீடித் தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, "பொய் சொல்லி வாங்குத வேல இந்த வீட்டுக்கு வேண்டாம்" என்றாள். அதுவும் சரியாகத்தான் தோன்றியது. எனக்கு அந்த நாட்களில் யார் எதைச் சொன்னாலும் சரியாகவே தோன்றியது. அதுதான் பெரிய தொந்தரவு.

அம்மாவிடம் ஒரு வழியும் இருந்தது. "ஒரு சென்டிமீட்டர்தான? வளந்துரு. வளந்துட்டா பி.சி. சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டு, உள்ளதச் சொல்லியே போலீசாயிரலாம்." இருபத்திரண்டு வயதில் வளரச் சொல்கிறாள். ஆனால் அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை. அன்று முதல் அப்பாவின் குற்றாலத்து எண்ணெய் வீட்டுக்கு வந்தது. அப்பா முற்றத்தில் முதுகைத் திருப்பி நின்றுகொண்டு, "தண்டுவடத்துல பெருவிரல வச்சு, கீழருந்து மேல நீவு, மேலருந்து கீழ வந்துராத, குறைஞ்சுரும்" என்று சொல்லச் சொல்ல, அம்மா உள்ளே என்னைக் குப்புறப் போட்டு நீவினாள். மாமரக் கிளையில் தொங்கினேன். தினமும் கதவு நிலையில் பென்சிலால் கோடு போட்டோம்.

அப்படி அளந்ததில் ஒன்று கண்டுபிடித்தோம். காலையில் எழுந்ததும் நான் நூற்று ஐம்பத்தெட்டே முக்கால். நாள் முழுக்க ஓடி, உட்கார்ந்து, படித்துவிட்டுச் சாயங்காலம் அளந்தால் ஐம்பத்தெட்டுக்கும் கொஞ்சம் கீழே. காலையில் நான் கிட்டத்தட்டக் கிறிஸ்தவள், சாயங்காலம் தெளிவான இந்து. இதை அப்பாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஐம்பத்தொன்பது மட்டும் வரவே இல்லை. விண்ணப்பிக்கக் கடைசி நாளுக்கு முந்தின நாள் பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். தட்டச்சு செய்தவர் திரும்பாமலே, "கம்யூனிட்டி?" என்றார். சர்டிபிகேட்டைக் கொடுத்து, "அதுல இருக்குததப் போடுங்க அண்ணாச்சி" என்றேன். முடிவெடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். பின்னால் நின்றவன் முனகினான், அதனால் சொல்லிவிட்டேன்.

வகுப்பையும் விடவில்லை. காலையில் சாரலில் நனைந்துகொண்டு இலஞ்சி ரோட்டில் ஓடுவோம். குற்றாலத்துக்குப் போகும் வேன்களிலிருந்து துண்டு கட்டிய ஆண்கள் எட்டிப் பார்த்துக் கத்துவார்கள். மேடம் ஸ்கூட்டரில் பின்னால் வந்து அவர்களைவிடச் சத்தமாகக் கத்துவார். அரசாங்கம் தந்த ஷூ, அரசாங்கம் தந்த முட்டை. கிறிஸ்தவள் என்று சாப்பிட்டுவிட்டு, இந்து என்று பரீட்சை எழுதினேன். எழுத்துத் தேர்வில் தேறினேன். உடல் தகுதித் தேர்வில் என்னை அளந்தவர் நூற்று ஐம்பத்தெட்டு என்று எழுதி அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஓட்டத்தில் என் பிரிவில் முதலில் வந்தேன். பட்டியலில் என் சான்றிதழ்ப் பெயர் இருந்தது.

அதன் பிறகு நாங்கள் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை ஸ்தோத்திரக் காணிக்கை கொடுத்தாள். எங்கள் சர்ச்சில் யார், எதற்காகக் கொடுத்தார் என்று ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். தெரு முழுக்கக் கேட்டது. வாலிபர் சங்கத்துப் பையன்கள் சும்மா இருப்பார்களா? மறுநாள் தெருமுனையில் பத்தடி உயரத்துக்கு ஒரு பிளெக்ஸ். யாரோ ஒரு போலீஸ்காரியின் உடம்பில் என் தலையை ஒட்டி, மேலே சிலுவை போட்டு, ஒரு வசனமும் எழுதி, நடுவில் கொட்டை எழுத்தில் என் சர்ச் பெயர். பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்கூட வைத்தேன். எங்களில் ஒருவருக்கும் எதுவும் தோன்றவில்லை, பொய்யே வேண்டாம் என்று சொன்ன அம்மாவுக்கும்கூட. இரண்டு பெயரோடு பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் சேர்த்துப் பார்க்க முடியும் என்பது மறந்துபோகும்.

அந்த ஆள் மூன்றாம் நாள் வந்தார். வேலைக்குத் தேர்வானவர்களைப் பற்றி வீட்டுக்கே வந்து விசாரித்து எழுதும் போலீஸ்காரர். கடையம் பக்கத்துக்காரர் என்று பேச்சில் தெரிந்தது, ஐம்பது வயது இருக்கும். தெருமுனை டீக்கடையில் என் சான்றிதழ்ப் பெயரைச் சொல்லி விசாரித்திருக்கிறார். "அப்படி யாரும் இங்க கெடயாதே சார்" என்று எல்லோரும் சத்தியமாகச் சொல்லியிருக்கிறார்கள். போலீசாகப் போகிற பிள்ளை என்று அவர் விளக்கியதும், "அந்தா அந்தப் பிள்ளையா" என்று பிளெக்ஸைக் காட்டியிருக்கிறார்கள். எனக்குப் போன் வந்து நான் ஓடிப்போனபோது, அவர் என் படத்தின் கீழே பைக்கில் சாய்ந்து நின்றார்.

"இது யாரும்மா?"

"நான்தான் சார்."

"எங்கிட்ட வேற பேருல்லா இருக்கு."

"இது... வீட்ல கூப்பிடுத பேரு சார்."

"கூப்பிடுத பேரா, முங்கி எடுத்த பேரா?" குரலில் நக்கல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "சர்ச்சுக்குப் போவியா?"

"போவேன் சார்."

"கோயிலுக்கு?"

"இலஞ்சி தேரோட்டத்துக்குப் போவேன். கூட்டாளிமாரோட."

"அதுக்கு எல்லாரும்தான் போவாவ." ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்தார். "இங்க பாரு. எங்கிட்ட இருக்குத தாள்ல ஒரு பதில் எழுதத்தான் எடம் இருக்கு. ரெண்டு எழுத முடியாது. எழுதுததை நான் பொய்யா எழுத மாட்டேன். நீ என்ன சொல்லுதியோ அதத்தான் எழுதுவேன். நாளைக்குக் காலைல வாரேன். அதுக்குள்ள நீ யாருன்னு ஒரு முடிவுக்கு வா."

போகும்போது, "கம்பி துருப்பிடிச்சிருக்கு, வண்டில போறவன் தலைல விழுந்திராம" என்று பிளெக்ஸைக் காட்டிவிட்டுப் போனார். அது அக்கறையா, குறிப்பா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அப்பா ஏறி அவிழ்த்தார். என் தலை ஒட்டிய அந்த உடம்பைச் சுருட்டிக் கட்டிலுக்கடியில் தள்ளினோம்.

அவர் கேட்ட முடிவை நான் எங்கே தேடுவது? கிறிஸ்தவள் என்று சொன்னால் உண்மை. வேலை போகும். பொய்ச் சான்றிதழ் என்று வழக்கு வந்தாலும் வரும். இந்து என்று சொன்னால் பொய்யா? மேலத்தெருவில் போய்க் கேட்டால் நான் யார் என்று ஒரு நொடியில் சொல்வார்கள், சர்ச்சைப் பற்றி அவர்கள் கேட்கக்கூட மாட்டார்கள். வகுப்பில் கொடுத்த கடிதத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்று மேடத்துக்குப் போன் செய்தேன். "அது பைல்ல போயிருச்சேம்மா. உன்னைத்தான் எங்க கிளாஸ்ல தேறுன மொத பிள்ளைன்னு மேல எழுதிருக்கோம்" என்றார் சந்தோஷமாக. வகுப்பின் கணக்கில் நான் சிறுபான்மை, தேர்வுப் பட்டியலில் நான் பட்டியல் சாதி. எல்லோருக்கும் என்னால் நல்ல பெயர்.

விடிந்ததும் அம்மா கடைக்குப் போய் வந்தாள். நான் முகம் கழுவி நின்றபோது பக்கத்தில் வந்தாள். கையில் ஸ்டிக்கர் பொட்டு அட்டை. எங்கள் வீட்டுக்குள் அதுவரை அந்தப் பொருள் வந்ததே இல்லை. கல்யாண வீட்டில் யாராவது எனக்கு வைத்துவிட்டால்கூட வாசலிலேயே துடைத்தெறிகிறவள் அவள். ஒன்றை உரித்தாள். பீடி சுற்றிப் பழகிய விரல், எவ்வளவு மெல்லிய இலையையும் கிழியாமல் மடிக்கும். அன்று அந்தப் பொட்டு அவள் நகத்திலேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. மூன்றாவது தடவைதான் நெற்றியில் நின்றது.

"ஏம்மா, வேண்டாம்னா சொல்லு. விட்டுருவோம்" என்றேன்.

"பேசாத. கோணிக்கும்" என்றாள்.

போலீஸ்காரர் வந்தார், கேட்டார், நான் இந்து என்றேன். எழுதிக்கொண்டார். அம்மா கொடுத்த டீயைக் குடித்தார். அவர் போனபின் அம்மா அந்த டம்ளரைக் கழுவிவிட்டு ஜெபம் செய்ய உட்கார்ந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அடுத்த வாரம் பெண்கள் சங்கத்தில் இருந்த பொறுப்பை, முழங்கால் வலி என்று சொல்லி விட்டுவிட்டாள். அவளுக்கு முழங்கால் வலி கிடையாது. எனக்கு அன்று வந்த அழுகை வேலை கிடைத்ததற்கா, இதற்கா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதெல்லாம் நடந்து சில வருடங்கள் ஆகிவிட்டன. பயிற்சி முடிந்து, ஆயுதப்படையில் கொஞ்ச காலம் இருந்து, இப்போது மாவட்டத்திலேயே ஒரு ஸ்டேஷனில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். புகார் கொடுக்க வருகிறவர்களிடம் முதலில் பேசுவது நான்தான். நல்ல வேலை. பிடித்துத்தான் செய்கிறேன்.

போன மாதம் ஒரு மத்தியானம், அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வந்தார். வெறும் நெற்றி, வெறும் கழுத்து, வெள்ளைச் சேலை. ஊரைக்கூடச் சொல்லவில்லை. உட்காரச் சொல்லியும் நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். வீட்டில் கூடி ஜெபம் செய்வதில் பக்கத்து வீட்டோடு ஏதோ தகராறு என்பதுவரை சொன்னார். சுற்றும் முற்றும் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, "தாயி, இங்கன வேதக்காரப் பிள்ளைக யாரும் வேல பாக்காவளா? அவிய கிட்டன்னா கொஞ்சம் வெவரமாச் சொல்லுவேன்" என்றார்.

இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல ஒருத்தி வேண்டும் என்றுதான் ஒரு அரசாங்கம் பணம் ஒதுக்கி, இடம் பிடித்து, ஆள் வைத்து என்னைத் தயார் செய்தது. எனக்குப் பின்னால், காதில் விழும் தூரத்தில், ஸ்டேஷன் ரைட்டர் உட்கார்ந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தார்.

"இல்லம்மா" என்றேன். "எங்கிட்டயே சொல்லலாம். யாரா இருந்தா என்ன?"

"அதுக்கில்ல தாயி. பரவால்ல, இன்னொரு நாள் வாரேன்." எழுந்து கும்பிட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

வந்துவிடுகிறேன் என்று ரைட்டரிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அவர் ரோட்டைக் கடந்து பஸ் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். நடந்தேன். பஸ் வருவது தெரிந்ததும் ஓடினேன். போய் என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியாது. காதோரம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று மட்டும் இருந்தது. "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். காக்கிச் சட்டையில் ஒருத்தி தன்னை நோக்கி ஓடி வருவதைத்தான் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டு, "நான் யாரப் பத்தியும் ஒண்ணும் சொல்லலியே தாயி, விட்டுருங்க" என்றபடி படியில் ஏறினார். ஏறும்போது தடுமாறினார், உள்ளே யாரோ கையைப் பிடித்தார்கள். விசில் கேட்டது.

பஸ்ஸில் அவருக்கு ஜன்னலோரத்தில் இடம் கிடைத்திருந்தது. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, நான் நின்ற பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்.